மேகக்கடைக் கழுதையின் பழைய குரல்

நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் கோபத்தை வாசிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று சொன்னபோது என் அக்கா நம்பவில்லை. எங்கள் வீட்டுக்காரரோடு ஒரு நாள் இருந்து பார், அதே வேலைதான் என்றாள். இப்போது நீங்களும் அந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். ஒரு தொடர் வெளியானதும் ரசிகர்கள் எழுதுவதையெல்லாம் படித்து, அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று தயாரிப்பாளருக்குச் சொல்ல வேண்டும். கணினியில் எதை அழுத்தினால் எது திறக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பக்கமே நான் போகப்போவதில்லை. ‘மேகக்கடை’ தொடரைப் புதிதாக எடுத்தபோது நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஓய்வுபெற்ற பிறகும் அடிக்கடி கனவில் வருவது அதுதான்.

நம் கம்பெனியின் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது. கருத்துகளைப் படிக்கிற பிரிவை மட்டும் ஓசூரில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இங்கே தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் திட்டத் தெரியும். அப்போது ராயக்கோட்டை சாலையில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தோம். காலையில் ஜன்னலைத் திறந்தால் கீழே தொழிற்சாலை ஷிப்ட் பஸ்கள் பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். தூரத்தில் மலைக்கோயில் பாதி தெரியும், மீதி இருக்கிறதா என்று சந்தேகமாக இருக்கும். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து மேகங்களைப் பற்றியே படித்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, அந்த மாதங்கள் நிஜமாக நடந்தவையாகவே எனக்குத் தோன்றுவதில்லை.

பழைய தொடர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும், தமிழில் மட்டும். ஒரு மலை உச்சியில் ஒரு கடை. தலைப்பாகை கட்டிய கடைக்காரர் மேகங்களை மடித்து அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார். மழை மேகம், நிழல் மேகம், சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கென்று ஒரு மேகம். வாங்கியவர்கள் வீட்டுக்கு அதைச் சுமந்துகொண்டு போவது பூசணி என்ற கழுதை. துணியில் தைத்த பொம்மைக் கழுதை, ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். கடைக்காரர் அதனிடம் ஏதாவது கேட்பார், அது நம் பக்கம் திரும்பி வாயைத் திறக்கும், வீட்டில் எல்லோரும் சிரிப்போம். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதற்கே தெருவில் ஒரு குழந்தை இருக்காது.

அதைப் புதிதாக எடுக்க நம் கம்பெனி உரிமை வாங்கியது. கூடவே கிடைத்தவை பூஞ்சை பிடித்த சில ஒளிநாடாக்கள். படம் ஒரு மாதிரித் தெரிந்தது, ஒலி சுத்தமாகப் போய்விட்டிருந்தது. கடைக்காரர் வாயசைத்தார், கழுதையும் வாயசைத்தது. ஆகவே புதிய தொடரில் கடைக்காரரும் பேசினார், கழுதையும் பேசியது. இந்த முறை மூன்று மொழிகளில். மூன்றிலும் பூசணிக்குக் குரல் கொடுத்தவள் ஸ்டெல்லா.

ஸ்டெல்லா ஓசூர்ப் பெண். மாதா கோயில் பாடற்குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். நர்சரி டீச்சர் வேலையை விட்டுவிட்டு, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு இந்தத் தொடருக்கு வந்தாள். எங்களுக்கும் டயர் கடைக்கும் நடுவிலிருந்த மாடியில்தான் ஒலிப்பதிவு அறை. அவளுடைய பூசணி கொஞ்சம் அவசரமாகப் பேசும், பாதியில் மூச்சு வாங்கும், பிறகு தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும். எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். பழையதைப் பார்த்தவள் நான். ‘நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்’ என்று இழுத்தவர்களில் நானும் ஒருத்தி.

தொடர் வெளியான வாரமே கடிதங்கள், கருத்துகள், பதிவுகள் எல்லாம் மழை மாதிரி வந்தன. எழுதியவர்கள் குழந்தைகள் இல்லை. குழந்தைகள் எங்கே எழுதுகிறார்கள், அவர்கள் பாட்டுக்குப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். எழுதியவர்களெல்லாம் நாற்பதைத் தாண்டியவர்கள். தலைப்பாகையின் நிறம் தப்பு என்றார் ஒரு வங்கி அதிகாரி. மலை இவ்வளவு உயரமில்லை என்று ஒருவர் படம் போட்டே அனுப்பினார். அதற்கெல்லாம் சிரித்துக்கொண்டோம். ஆனால் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நின்றன. பழைய பூசணியின் குரல் எங்கே? இந்தப் பெண்ணின் குரல் தகர டப்பாவைத் தரையில் இழுப்பது போல இருக்கிறது. யார் இவளைப் பிடித்துக் கொண்டுவந்தது? என் பால்யத்தைப் பாழாக்கிவிட்டாள். இன்னும் மோசமானவையும் உண்டு, அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை.

படிக்காதே என்று சொல்லியும் ஸ்டெல்லா எல்லாவற்றையும் தன் போனில் படித்தாள். முதலில் சிரித்துக்கொண்டே எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு வாசித்துக் காட்டுவதை நிறுத்தினாள். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். டீக்கடையில் டீ கேட்பதற்குக்கூட விரலைத்தான் காட்டினாள். குரலை வைத்துப் பிழைக்கிற பெண் ஒருத்தி குரலை ஒளித்துக்கொண்டு நடந்தாள்.

இப்போது எங்கள் பிரிவு செய்த காரியத்தைக் கேளுங்கள். மூன்று மொழியும் தெரிந்தவர்களாகப் பார்த்துப் பார்த்து வேலைக்கு எடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு மொழி என்று பிரித்துக் கொடுத்திருந்தோம். தெலுங்கு முழுக்க ரமாதேவிக்கு, பாகலூர் பக்கத்துப் பெண். கன்னடம் நாகராஜுக்கு. தமிழ் செல்வத்துக்கு, அவன் திருநெல்வேலியிலிருந்து வந்து ஓசூரில் தங்கிவிட்டவன். பார்க்க ஒழுங்காக இருந்தது. ஒருவர் குவியலை இன்னொருவர் தொடுவதில்லை. வாரக் கடைசியில் மூவரும் என்னிடம் ஒரே வரியைச் சொன்னார்கள், பழைய குரல் வேண்டுமாம். நான் அதை அப்படியே பெங்களூருக்கு அனுப்பினேன்.

தயாரிப்பாளர் போனில் அழைத்தார். மூன்று மொழிக்காரர்களும் ஒரே குறையைச் சொன்னால் அதில் விவாதிக்க ஒன்றுமில்லை என்றார். புதிதாகச் சிலரை வைத்து மாதிரிக் குரல்கள் பதிவு செய்து வைத்திருப்பதாகவும், எது பழைய பூசணிக்கு நெருக்கமாக இருக்கிறதோ அதை நாங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை ஓசூருக்கு வருவார். அன்றோடு ஸ்டெல்லாவுக்கு வேலை முடிந்தது. மீதி அத்தியாயங்களை வேறொருவர் பேசுவார். அவளிடம் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பு என்னுடையது.

மதியம் சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் சொன்னேன். ரமாதேவி கொண்டுவந்த களியும் கொள்ளுக் கடைசலும் நடுவில் இருந்தன. ஸ்டெல்லாவுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது, இந்த மாதிரிச் செய்திகள் மாடிப்படியில் நம்மைவிட வேகமாக இறங்கும். அவள் அழவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு முழுக் குரலில் பேசினாள்.

“பழைய குரல் எப்பிடித்தான் இருக்கும் மேடம்? ஒரே ஒரு தடவ பேசிக் காட்டுங்க. நான் அதே மாதிரி பண்ணிடறேன். வேற ஆள் எதுக்கு?”

நியாயமாகத்தான் இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசிக் காட்டினேன். கொஞ்சம் மூக்கால், வார்த்தையின் கடைசியை இழுத்து, ‘இந்த மேகம் கனக்குதுடீ’ என்று. ஸ்டெல்லா கண்ணை மூடிக் கேட்டாள். இரண்டாவது முறை அவள் பேசியபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, அப்படியே இருந்தது. ஆனால் நாகராஜ் இல்லை என்று தலையை ஆட்டினான். பழைய பூசணிக்குப் பொம்பளைக் குரல் மேடம், ‘பாரோ பாரோ’, வாடா வாடா என்று கூப்பிடும் என்றான். ரமாதேவி இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள். பூசணி கட்டையான ஆண் குரலில் ‘ஏமிரா’ என்று ஆரம்பித்துத்தான் எதையும் சொல்லும் என்று அடித்துச் சொன்னாள்.

செல்வம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

“அதெப்படிக்கா? சீரியல் தமிழ்லதான வந்துச்சு. தமிழ் சீரியல்ல கழுதை மட்டும் எப்படி தெலுங்கு பேசும்?”

ரமாதேவி அவனை விநோதமாகப் பார்த்தாள். கடைக்காரர் தமிழில் கேட்பார், பூசணி தெலுங்கில் பதில் சொல்லும், இதில் என்ன இருக்கிறது என்றாள். நாகராஜும், ஆமாம், அது கன்னடத்தில் பதில் சொல்லும் என்றான். நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், எனக்கும் அதில் எந்த விபரீதமும் தெரியவில்லை. எங்கள் பேருந்து நிலையத்தில் கண்டக்டர் ஒரு மொழியில் கேட்பார், பயணி இன்னொன்றில் பதில் சொல்வார், மீதிச் சில்லறைக்கான சண்டை மூன்றாவதில் நடக்கும். எல்லையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற குருட்டுத்தனம் அது. தெலுங்குப் பூசணியைக் கேட்டு எழுதியவர்கள், கன்னடப் பூசணியைக் கேட்டு எழுதியவர்கள் எல்லோருமே இந்த வட்டாரத்துக்காரர்கள். எழுதியவர்களுக்கும் உறைக்கவில்லை, படித்தவர்களுக்கும் உறைக்கவில்லை. திருநெல்வேலிக்காரன் ஒருவன் தேவைப்பட்டான். அவன் நினைவில் இருந்த பூசணியோ ‘ஏலே’ என்று கூப்பிடும்.

ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னாள், நீங்க நாலு பேரும் நாலு கழுதையைச் சொல்றீங்க.

நான் என் மகளுக்குப் போன் போட்டேன். கோயம்புத்தூரில் இருக்கிறாள். பழைய மேகக்கடை வந்தபோது அவள் சின்னக் குழந்தை. பூசணியின் குரல் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். யோசிக்கவேயில்லை.

“ஏன் இல்ல? அப்பா மாதிரியே பேசும்மா.”

போனை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் கணவர் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். டிவி உள்ளே ஓடும். கழுதை வாயைத் திறந்ததும் மகள், அப்பா அது என்ன சொல்லுச்சு என்று கத்துவாள். அவர் துணியும் கையுமாக எட்டிப் பார்த்து, மூக்கால், வார்த்தையின் கடைசியை இழுத்து எதையாவது சொல்வார். அவர் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. அவருடைய குரல் மறந்துவிட்டதே என்று நான் எத்தனையோ முறை அழுதிருக்கிறேன். மறக்கவேயில்லை, ஒரு பொம்மைக் கழுதையின் வாயில் பத்திரமாக இருந்திருக்கிறது. சற்றுமுன் ஸ்டெல்லா அதைப் பேசிக் காட்டினாள். கீழே ஒரு ஷிப்ட் பஸ் போயிற்று, அதில் இருந்தவர்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மதியம் மூன்று குவியல்களையும் ஒரே மேஜையில் கொட்டினோம். தனித்தனியாகப் பார்த்தபோது புகாராக இருந்தவை சேர்த்துப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தன. பூசணி பேச்சுக்கு நடுவில் இருமும் என்று ஒருவர் எழுதியிருந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுவது போல இருக்கும் என்றார் இன்னொருவர். ஒரு அம்மாள், பழைய பூசணி என்னைச் சின்னு என்று கூப்பிடும், இந்தப் புதியது கூப்பிடவில்லை என்று குறைப்பட்டிருந்தார். டிவியில் வருகிற கழுதைக்கு அந்த அம்மாளின் செல்லப்பெயர் எப்படித் தெரியும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. குரல் சரியில்லை என்ற தலைப்பில் போட்டுவிட்டு நகர்ந்திருந்தோம்.

அப்போதுதான் செல்வம் ஒதுக்கித் தள்ளியிருந்த ஒன்றை எடுத்துக் காட்டினான். தவறான தகவல் என்று அவனே அதற்குக் குறிப்புப் போட்டிருந்தான். பழைய தொடரில் கழுதை பேசவே பேசாது, குழல் ஊதுகிற சத்தம் மட்டும்தான் வரும் என்று இரண்டே வரி. கீழே மற்ற ரசிகர்கள் அந்த ஆளைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நீ அந்தத் தொடரைப் பார்த்தவனே இல்லை, போய் வேலையைப் பார் என்று.

அவர் பெயர் மாதேஷ். உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சந்திக்கலாமா என்று கேட்டு எழுதினேன். மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது வாசலில் இருக்கிற டீக்கடைக்கு வரச் சொன்னார். வியாழக்கிழமை. வழியெல்லாம் தக்காளித் தோட்டங்கள் மேல் மேகங்கள் தாழ்வாக நின்றன, யாரோ வாங்கிவிட்டு எடுத்துப்போக மறந்தது மாதிரி. பஸ்ஸில் அரைத் தூக்கத்தில் நான் என் கணவரின் குரலைக் கேட்டுக்கொண்டே போனேன்.

மாதேஷ் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி வந்து உட்கார்ந்தார். கருத்துப் போட்டதற்காகக் கம்பெனியிலிருந்து ஆள் வருவார்கள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. குழல்தான் ஊதும் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவருடைய அப்பாவும் அம்மாவும் அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலை தேடி வந்தவர்கள். அப்பா வாட்ச்மேன், அம்மா ரோஜாத் தோட்டத்தில். ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. லைன் வீட்டில் ஒரே அறை. பையன் ரோட்டுக்குப் போய்விடக் கூடாது என்று வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருக்கும்.

“அது வாயத் தொறந்து பூ...ன்னு ஊதும் மேடம். என்ன சொல்லுதுன்னு கேக்க வூட்ல யாரும் இல்ல. அதான் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது.”

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை ஆயிரம் வார்த்தைகள் படித்தோமே, தொலைக்காட்சியில் நிஜமாக என்ன வந்தது என்பது தனியாக உட்கார்ந்திருந்த இந்த ஒரு மனிதருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. மற்ற எல்லோருக்கும் பக்கத்தில் ஒருவர் இருந்தார். அப்படியானால் பழையபடி குழலே போதும் என்கிறீர்களா என்று கேட்டேன். அவர் பதறிப்போனார்.

“ஐயோ, அதுக்காவ சொல்லலீங்க. எனக்கும் வூட்டுக்காரிக்கும் மாத்தி மாத்தி ஷிப்ட். எம்பொண்ணும் தனியாத்தான் போன்ல பாக்கறா. ஆனா அவகிட்ட அது பேசுது. பேசட்டும், நிப்பாட்டிடாதீங்க.”

திரும்பி வந்ததும் கோபமாக எழுதியிருந்தவர்களில் சிலருக்கு நாங்கள் ஒரே ஒரு கேள்வி அனுப்பினோம். பழைய மேகக்கடையை நீங்கள் யாரோடு உட்கார்ந்து பார்த்தீர்கள்? அவ்வளவுதான். முன்பெல்லாம் உடனுக்குடன் பாய்ந்து வந்தவர்கள் அன்று பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார்கள். தலைப்பாகை நிறத்துக்குச் சண்டை போட்ட வங்கி அதிகாரி, எங்கள் அண்ணனோடு என்று எழுதினார். சின்னு அம்மாள் முதலில் என் பெரியப்பாவோடு என்று அனுப்பினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. அவர் மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார், நான் இதை யோசித்ததேயில்லை என்று இருந்தது. ரமாதேவி அதை வாசித்துவிட்டுத் தன் அப்பாவுக்குப் போன் பண்ண வராந்தாவுக்குப் போனாள். அவர் இருக்கிறார், பாகலூரில். அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தயாரிப்பாளர் வந்தார். மாதிரிக் குரல்கள் பதிந்த பென்டிரைவை மேஜைமேல் வைத்து, எது நெருக்கம் என்றார். எதுவும் நெருக்கம் இல்லை, பழைய குரல் என்று ஒன்று கிடையாது என்று சொன்னேன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் ரசிகர்கள் பொய் சொல்கிறார்களா என்றார். இல்லை, அவர்கள் கேட்டது உண்மை, ஆனால் அது டிவிப் பெட்டியிலிருந்து வரவில்லை என்றேன். அவர் கெட்டிக்காரர், சட்டென்று பிடித்துக்கொண்டார். அப்படியென்றால் குழலையே திரும்பக் கொண்டுவந்துவிடலாமே, அசல் வடிவம் என்று விளம்பரமும் செய்யலாம், பழைய ரசிகர்கள் கொண்டாடுவார்கள் என்றார். கதவோரம் நின்ற ஸ்டெல்லாவின் முகம் வாடிப்போயிற்று. எப்படிப் பார்த்தாலும் அவளுக்கு இடமில்லாமல் போகிறது.

இந்த வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். கைநிறையச் சான்றுகள் இருக்கும், எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அசல் குழல்தான். ரசிகர்கள் கொண்டாடத்தான் செய்வார்கள். நான் தயாரிப்பாளரை ஜன்னலுக்குக் கூட்டிப்போனேன். இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. குழல் ஊதினால் பக்கத்தில் ஒருவர் இருந்து அர்த்தம் சொல்ல வேண்டும், அந்த ஆட்களெல்லாம் இந்த பஸ்ஸில் போகிறார்கள் என்றேன். பழைய ரசிகர்கள் கேட்கிற ஆளை நம்மால் கொடுக்க முடியாது, யாராலும் முடியாது. அவர்களுக்கு ஏற்கனவே ஒரு பூசணி கிடைத்துவிட்டது. இப்போது பார்க்கிற குழந்தைகளுக்கு இந்தப் பெண்தான் இருக்கிறாள்.

அவர் மேஜைக்குத் திரும்பி வந்தார். பிறகு, இவளே பேசட்டும், தொடர் கவிழ்ந்தால் உங்கள் பெயரைத்தான் சொல்வேன் என்றார். தாராளமாகச் சொல்லுங்கள், நான் இந்த வருஷம் ஓய்வுபெறுகிறேன், என்னை என்ன செய்துவிட முடியும் என்றேன். பென்டிரைவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லோரும் மனம் மாறிப் பாராட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். திட்டுகள் வந்துகொண்டேதான் இருந்தன, கொஞ்சம் சுருதி குறைந்தது, அவ்வளவே. நாங்கள் குவியல்களைப் பிரிப்பதை நிறுத்தினோம். எல்லோரும் எல்லாவற்றையும் படித்தோம். ஒருவர் ஏதோ ஒன்று தொலைந்துவிட்டது என்று கத்தினால், அவர் பெயர் சொல்லிக் கேட்கிற பொருளை மட்டும் தேடிக்கொண்டு ஓடாதீர்கள். அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் ரகசியம் இதுதான்.

மாதேஷை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஸ்டெல்லா பிடிவாதம் பிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஸ்கூட்டரில் போனோம். உத்தனப்பள்ளியைத் தாண்டி, புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிற வீடுகளில் ஒன்று. அவர் மனைவி ஷிப்டில் இருந்தார், குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. மாதேஷ் எங்களை உட்காரவைத்து, தானே காப்பி போட்டுக் கொடுத்தார். வேலையைத் திரும்பப் பெற்ற பெண்ணும், கருத்துப் போட்டதற்கு வசவு வாங்கிய மனிதரும் எதிரெதிரே உட்கார்ந்து காப்பியை ஆற்றினார்கள். கடைசியில் மாதேஷ்தான், ஒன்று கேட்கலாமா என்றார்.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய தொடரின் கடைசி அத்தியாயம் ஓடியதாம். கடையைப் பூட்டிவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள், பூசணி மட்டும் நிற்கும். அது நேராக அவரைப் பார்த்துத் திரும்பி, எப்போதையும்விட நீளமாக ஊதியது. அத்தோடு தொடர் முடிந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து அம்மா வெகுநேரம் வீடு திரும்பவில்லை. இருட்டத் தொடங்கிவிட்டது. அம்மா இனி வரவே மாட்டாள், அதைத்தான் அந்தக் கழுதை சொல்லிவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பூட்டிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாராம். பிறகு அம்மா வந்துவிட்டாள், சமைத்தாள், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சத்தம் மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது.

“அது என்ன சொல்லியிருக்கும்னு இன்னிக்கும் தெரியலீங்க.”

ஸ்டெல்லா டம்ளரைக் கீழே வைத்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் பூசணி பேசியது, கொஞ்சம் அவசரமாக, பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு.

“உங்கம்மா கெளம்பிட்டாங்கடா. பஸ்ஸுதான் லேட்டு.”

மாதேஷ் எழுந்துபோய் வாசற்கதவை இன்னும் கொஞ்சம் விரியத் திறந்து வைத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

“இத அப்பவே சொல்லியிருக்கலாமில்ல” என்றார்.